கல்லுக்கு நூறு

பள்ளிச்சந்தம் என்கிற ஊருக்கு மேற்கே, நாலு வயல் வந்து முட்டுகிற மூலையில், உட்கார்ந்த சாமி இருக்கிறார். கல்லால் ஆனவர். புத்தர் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், ஊர் மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடி, காலை மடக்கி, மழையென்றும் பனியென்றும் பாராமல் எத்தனையோ நூறு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தனியாகப் பெயர் எதற்கு, உட்கார்ந்த சாமி என்றால் போதாதா என்று ஊர் நினைத்தது. அதோடு, அந்த வட்டாரத்திலேயே அத்தனை அகலமான, அத்தனை சமமான, காலையிலிருந்து மாலைவரை வெயில் விழுகிற மடி வேறெங்கும் கிடையாது என்பதால், வடகமோ புளியோ மிளகாயோ எது காயவேண்டுமானாலும் அவர் மடியில்தான் காய்ந்தது. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, மாவு மில் தையல்நாயகி அவர் மடியில் மிளகாயைக் கொட்டிப் பரப்பிவிட்டு, சாக்கை உதறி மடித்துக்கொண்டு நாலடி நடந்தபோது பின்னால் யாரோ தும்மினார்கள். பெரிய தும்மல். வரப்பில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. திரும்பிப் பார்த்தாள். ஆளில்லை. தூரத்தில் ஓர் எருமை. சாமியின் மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு பொட்டுத் தூசி.

யார் தும்மினாலும் ‘நூறு’ என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். நூறு வயசு இரு என்று அர்த்தம். அடுத்த தும்மலுக்கு இருநூறு. சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனவன் தும்மினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிடுவார்கள். தையல்நாயகிக்கும் வாய்வரை வந்தது. கல்லுக்குப் போய் எவளாவது நூறு சொல்வாளா என்று விழுங்கிவிட்டு மில்லைத் திறக்கப் போனாள்.

அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் கிடையாது.

ஏழே முக்கால் மினிபஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கிய ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சிவக்கொழுந்து தும்மினார். தும்மலின் வால் முடிவதற்குள், பாடம் ஒப்பிக்கிற குரலில், “நான் அய்யனார் குளத்துக் கொக்கு. வலையில கழுத்து மாட்டிச் செத்தேன்” என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். சித்திரை வெயிலிலும் அவர் கழுத்திலிருந்து இறங்காத மப்ளரைப் பஸ்ஸில் இருந்த இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள்.

“அதான்” என்றார் டிரைவர் மருதவாணன், வண்டியை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறுபது பேர். தும்மினால் போன பிறவி வாயில் வந்து விழுந்தது. விழுந்ததும் அவர்களுக்கே ஞாபகமும் வந்தது. ஒருதரம் தும்மியவர்கள், இன்னொன்றும் வந்துவிடப்போகிறதென்று மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். டீக்கடை அப்பாவு தபால்காரர் நமச்சிவாயத்தின் வண்டிமாடாக இருந்திருக்கிறார். நமச்சிவாயம் வண்டிக்காரராக இருந்து அடி அடியென்று அடித்திருக்கிறார். அதிலிருந்து தபால்காரர் டீ கேட்டால், “சர்க்கரை போடவா, இல்ல சாட்டையால ரெண்டு போடவா?” என்று அப்பாவு கேட்க, தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு, சர்க்கரை இல்லாமல், ஆறிப்போனதை வாங்கிக் குடித்தார். நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் நாயே பூனையே என்று திட்டிக்கொண்டிருந்த கீழத்தெருத் தம்பதி நிஜமாகவே நாயும் பூனையுமாக இருந்தது தெரிந்து, வெட்கப்பட்டு, வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தார்கள். கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆடும் ஒருநாள் தும்மிவிட்டு நீளமாக என்னவோ சொன்னது. ஆட்டுப் பேச்சு யாருக்கும் புரியவில்லை, கறிக்கடைக்காரர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று நாள் தக்காளி விற்றார்.

ராஜா யாரும் இல்லை. அதுதான் ஊருக்குக் குறை. காக்கை இருந்தது, பெருச்சாளி இருந்தது, தவளையில் மட்டும் பதினாலு பேர் இருந்தார்கள், ஒரு மந்திரிகூட இல்லை. குறையைத் தீர்த்துவைக்கிறேன் என்று பஞ்சாயத்துத் தலைவர் செழியன் மேடை போட்டு, நாலு பேரைக் கூட்டி, மூக்குப்பொடியை இரண்டு விரலால் அள்ளி உறிஞ்சி, மைக்கில் தும்மினார். “நான் மாட்டு உண்ணி. வயிறு முட்டக் குடிச்சுட்டு, பிடி நழுவி விழுந்து செத்தேன்” என்றது மைக். அடுத்த தேர்தலுக்கு எதிர்க்கட்சி நோட்டீஸ் அடிக்கவே இல்லை.

இப்படியாக ‘நூறு’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர், தும்மல் கேட்டால் “யாரு?” என்று கேட்கப் பழகிக்கொண்டது.

கஷ்டமெல்லாம் முறையில்தான். எதையும் தாங்கும் அந்த ஊர், யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் மட்டும் ஒரு வேளை சோறு தின்னாது. போன பிறவியில் மாமனாராக இருந்தவன் இந்தப் பிறவியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை என்றால், அதைப் பார்த்ததும் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டுமா வேண்டாமா? ஹெட்மாஸ்டர் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தார். அழித்து அழித்து எழுதினார். “உட்கார்ந்த சாமி ஐந்நூறுக்கு மேல பிறவி எடுத்து, அத்தனையும் ஞாபகம் வெச்சிருந்தாராம்யா. நமக்கு ஒண்ணே தாங்கலை” என்றார்.

இவ்வளவுக்கும் நடுவே தும்மலே வராதவள் ஒருத்திதான். தையல்நாயகி.

அப்பா போன பிறகு மில்லை எடுத்து நடத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். மிளகாய் நெடியில் ஊறி ஊறி அவள் மூக்கு செருப்புத் தோலாகிவிட்டது. மில் வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள்தான் தும்முவார்கள். முன்பும் தும்மியவர்கள்தான். அவளைப் பெண் பார்க்க மூன்று முறை ஆள் வந்தார்கள். மூன்று முறையும் சொஜ்ஜித் தட்டு கைக்கு வந்த நேரத்தில், வீட்டுச் சுவர், பாய், தலையணை, அவள் கட்டியிருந்த பட்டு வரைக்கும் ஏறியிருந்த மிளகாய் நெடியில், மாப்பிள்ளையின் அப்பாவோ சித்தப்பாவோ தும்மினார்கள். நல்ல காரியம் பேசும்போது தும்மினால் அபசகுனம். எழுந்து போய்விட்டார்கள். நெடி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாலாவது தடவை யாரும் வரவில்லை. வயது முப்பத்தேழு.

டிரைவர் மருதவாணன் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் ஒரு கிலோ மிளகாயோடு வருவார். நாற்பது வயது, தனியாள். கல்யாணமான அக்கா குமுதவல்லி பக்கத்துத் தெருவிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறாள். வாரம் ஒரு கிலோ மிளகாய்த்தூளை ஒருவர் எதற்காக அரைத்துக்கொண்டு போகிறார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாததுபோல,

“நைசா அரைக்கவா, கொரகொரன்னா?”

“உங்க இஷ்டம்.”

“போன வாரத்துத் தூள் தீர்ந்துடுச்சா?”

“தீர்ந்துடுச்சுங்க.”

என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஐந்து வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

மாசி பிறந்த முதல் வியாழக்கிழமை, வரிசையில் நின்ற மருதவாணன் தும்மினார். “யாரு?” என்றார்கள். “நான் ஓடக்காரன் பெண்சாதி. அக்கரைக்கு ஓடம் ஓட்டிப் போன புருஷன் திரும்பலை. படித்துறையில முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்து, உட்கார்ந்தபடியே செத்தேன்.”

மில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தவளைகளாக இருந்த பதினாலு பேரில் வரிசையில் நின்ற நாலு பேருக்கும் கண் கலங்கியது. தையல்நாயகி சுவிட்சை அணைத்தாள். அணைத்தது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலையே குமுதவல்லி தெருவில் நின்று சட்டம் போட்டுவிட்டாள். “என் தம்பி கட்டினா அந்த ஓடக்காரன் இப்ப யாரா பொறந்திருக்கானோ, அவளைத்தான் கட்டணும். முப்பத்தாறு வருஷம் காத்திருந்த ஜீவன். அதுக்கு ஒரு நியாயம் வேண்டாமா? பங்குனி உத்திரத்துக்குள்ள கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி முறையில வேப்பங்காட்டுல ஒரு பொண்ணு இருக்கு, அதை முடிச்சுடுவேன்.”

குமுதவல்லி அன்றிலிருந்து ஒரு கையில் மூக்குப்பொடி டப்பாவும், மறு கையில் மூக்கை மூடிய முந்தானையுமாக வீடு வீடாகப் போனாள். கல்யாணமாகாத பெண், புருஷன் இல்லாத பெண், அக்கரைக்கு வாழப் போய்த் திரும்பியவள், எல்லாரும் தும்மினார்கள். வாத்து வந்தது, வளையல்காரி வந்தாள், ஒரு தாசில்தார்கூட வந்தார். ஓடக்காரன் வரவில்லை. குமுதவல்லி தான் மட்டும் தும்ம மாட்டாள். பொம்பளை தும்மினால் வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதில் யாரோ சொன்னதிலிருந்து, வருகிற தும்மலை மூக்கைப் பிடித்து உள்ளேயே அமுக்கி அமுக்கிப் பழகியவள்.

தையல்நாயகி மில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். நூலைத் திரித்து மூக்கில் விட்டாள். உச்சி வெயிலில் சூரியனைப் பார்த்தாள். மிளகை இடித்து முகர்ந்தாள், கோழி இறகால் வருடினாள், குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகி ஈரத்தோடு நின்றாள். மூக்கு அசையவில்லை. அவள்தான் ஓடக்காரன் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று இருந்ததால் தோன்றியது. ‘அப்படிப் போனவன் நானாத்தான் இருக்கட்டும், திட்டு வாங்கிக்கறேன், ஒரே ஒரு தும்மல் கொடு’ என்று மேற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். மடியில் மிளகாயோடு சாமி உட்கார்ந்திருந்தார்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று வியாழக்கிழமை. பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை. மில் ஓடவில்லை. நெடி அடங்கி, தூசி படிந்து, பகல் மூன்று மணிக்கு ஆற்றுக்காற்று மில்லுக்குள் வந்து சுற்றிப் பார்த்தது. எட்டு மணிக்கே டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு இடம் போய்விடுமென்று நகராத ஏழெட்டுப் பேர், ஹெட்மாஸ்டர், அப்பாவு உட்பட, வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். குமுதவல்லி வந்தாள். பின்னால் மருதவாணன், முகம் செத்துப்போய்.

“தையலு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வேப்பங்காட்டுக்கு நாளைக்குத் தட்டு கொண்டு போறோம். சீர் பலகாரத்துக்கு மாவு அரைக்கணும். இருபது படி. கரண்ட் வந்ததும் முதல்ல எனக்குப் போட்டுடு.”

“சரிங்கக்கா” என்றாள் தையல்நாயகி.

மருதவாணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “மிளகாய் கொண்டாரலைங்க” என்றார்.

அதற்குப் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெடியில்லாத சுத்தமான காற்று அந்த மூக்குக்குள் போனது. பழக்கமில்லாத பொருள். மூக்கு பயந்துபோய், மில்லின் தகரக் கூரை கடகடவென்று ஆடும்படி தும்மியது.

“யாரு?” என்று வரிசை எழுந்து நின்றது.

“நான் படித்துறைக் கல். மேலேர்ந்து ஏழாவது படி. ஒரு பொம்பளை முப்பத்தாறு வருஷம் என் மேல உட்கார்ந்திருந்தா. அவ போன பிறகும் சூடு ஆறலை.”

மருதவாணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. “கல்லா? அடி இவளே, கல்லா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் முந்தானை மூக்கிலிருந்து நழுவ, நாற்பத்தாறு வருஷமாக அமுக்கி வைத்திருந்த தும்மல்களில் ஒன்று வழி கிடைத்ததென்று வெளியே பாய்ந்தது.

யாரும் யாரு என்று கேட்கவில்லை. கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“நான் ஓடக்காரன். ஓடம் கவிழலை. அக்கரையில வேற ஒருத்தி. மூணு புள்ளைங்க. நல்லாத்தான் இருந்தேன்.”

மருதவாணன் அவள் பக்கம் திரும்பி, “அக்கா” என்றார். “உனக்காகவா நான் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்?”

“நான் என்னடா பண்ணட்டும்? நீ அப்ப வெச்ச குழம்பு வாயில வைக்க விளங்காது.”

“அதுக்குச் சொல்லாமக்கூடவா போவாங்க?”

“அதுக்குத்தானேடா இந்த ஜென்மத்துல நாற்பது வருஷமா வடிச்சுக் கொட்டறேன்!” என்றாள் குமுதவல்லி. சொல்லிவிட்டுத்தான் அது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கே உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. “அதெல்லாம் இருக்கட்டும். ஓடக்காரன் நான்னா, அக்காவைக் கட்டிக்க முடியாது, அந்தப் பேச்சு முடிஞ்சுது. இந்தக் கல்லுக்கு இவனுக்கு என்ன முறை? அதைச் சொல்லுங்க வாத்தியாரே.”

ஹெட்மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். கல்லுக்கு முறை எழுதியிருக்கவில்லை. அப்பாவு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “உட்கார்ந்திருந்தாங்கன்னா, அது ஒரு மடி மாதிரிதானே?” என்றார்.

“பிடிச்சாரு பாரு! மடின்னா தாய் முறை. தாயைக் கட்டுவானா ஒருத்தன்?” என்றாள் குமுதவல்லி.

வரிசை ஒரேயடியாகத் திகைத்துப்போனது. அந்த ஊரில் முறை என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது எத்தனை அபத்தமாக இருந்தாலும், அவிழ்க்காமல் தாண்டிப் போக யாருக்கும் தைரியம் கிடையாது.

மருதவாணனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. “உட்கார்ந்ததெல்லாம் தாய் முறைன்னா, பதினெட்டு வருஷமா உட்கார்ந்திருக்கேனே, அந்த டிரைவர் சீட்டு எனக்கு என்ன முறை வேணும்? அதுக்கு நான் கொள்ளி வைக்கணுமா?”

சிரித்தார்கள். ஆனால் தீரவில்லை. கடைசியில் ஹெட்மாஸ்டர்தான் நோட்டை மூடிவிட்டு வழி சொன்னார்: போன பிறவியில் சந்தேகம் என்றால் அதற்கு முந்தினதைப் பார்ப்பது. ஒரு தும்மலுக்கு ஒரு பிறவி என்றால் இரண்டாவது தும்மலுக்கு அதற்கும் முந்தின பிறவி வராமலா போகும்? நூறுக்குப் பிறகு இருநூறு இல்லையா? அதிலும் தீரவில்லை என்றால் முந்நூறு. ஐந்து மணிக்குக் கரண்ட் வரும். மில்லை ஓட விட்டு, ஊரைக் கூட்டி, எல்லாரும் இன்னொரு முறை தும்மிப் பார்த்துவிடலாம்.

“அதான் சரி. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது, வேப்பங்காடும் கிடையாது, இவளும் கிடையாது” என்று குமுதவல்லி படியில் உட்கார்ந்தாள்.

தையல்நாயகி எல்லாரையும் பார்த்தாள். முந்நூறு, நானூறு, ஐந்நூறு. இது முடியாது. ஒவ்வொரு பிறவியிலும் யாராவது யாருக்காவது ஏதாவது ஒரு முறை ஆவார்கள். அத்தனையையும் அவிழ்த்துவிட்டுக் கழுத்தை நீட்டுவதற்குள் அவளுக்குக் கழுத்து இருக்காது. காத்திருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஏழாவது படியாக இருந்தவள். ஆனால் கல்லாகக் காத்திருப்பது வேறு, பெண்ணாகக் காத்திருப்பது வேறு. கல்லுக்கு... அங்கே அவள் நினைப்பு தட்டி நின்றது. கல்லுக்குப் போய் எவளாவது நூறு சொல்வாளா என்று யார் நினைத்தது? எப்போது?

மணி நாலே முக்கால். சாக்கை எடுத்துக்கொண்டு, “மிளகாயை அள்ளிட்டு வந்துடறேன்” என்று மேற்கே நடந்தாள். நடந்தது வாசல்வரைக்கும்தான். அப்புறம் ஓடினாள்.

உட்கார்ந்த சாமி உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் அந்தச் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. மடியிலிருந்த மிளகாயை ஒன்று விடாமல் அள்ளினாள். முந்தானையை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அவர் மூக்கைத் துடைத்தாள். எத்தனை நூறு வருஷமாக எத்தனை வீட்டு வடகம், எத்தனை வீட்டுப் புளி. ஒருநாள் தும்மினார். அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த மடியில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

“நூறு” என்றாள். பிறகு, அவருக்கு நூறு என்றால் குறைவாயிற்றே என்று தோன்ற, “எத்தனை வேணுமோ அத்தனை நூறு, சாமி” என்றாள்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து நின்றது. ஊருக்குள் விளக்கு எரிந்தது.

மில் ஓடியது. ஊரே வாசலில் நின்றது. ஹெட்மாஸ்டர் நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றார். முதல் ஈடு மிளகாய் அரைபட்டதும் அப்பாவு தும்மினார். “யாரு?” என்றார்கள். அப்பாவு மூக்கைத் துடைத்தார். யாருமில்லை. தபால்காரர் தும்மினார், செழியன் தும்மினார், கீழத்தெருத் தம்பதி சேர்ந்தாற்போலத் தும்மினார்கள். வெறும் தும்மல். குமுதவல்லி பொடி டப்பாவையே மூக்கில் கவிழ்த்துக்கொண்டு பதினேழு தடவை தும்மினாள்; நாற்பத்தாறு வருஷத்துப் பாக்கி அத்தனையும் வந்தது, பிறவி ஒன்றுகூட வரவில்லை. கடைசித் தும்மலோடு உட்கார்ந்து அழுதாள்.

மருதவாணன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, மெதுவாக, “இந்த ஜென்மத்துலயும் உட்கார வெச்சுடாதே அக்கா” என்றார்.

குமுதவல்லி தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். “சனியனே, அழ வெக்காதே. மாவு அரைச்சாச்சா தையலு? சீர் பலகாரத்தை இங்கேயே கொண்டாந்துடறேன், வேப்பங்காடு ரொம்பத் தூரம்” என்றாள்.

பங்குனி உத்திரத்தன்று கல்யாணம். மணப்பெண்ணின் பட்டில் மிளகாய் நெடி இருந்தது. எத்தனை அலசியும் போகவில்லை. கெட்டிமேளம் கொட்ட, மருதவாணன் தாலியை எடுத்து அவள் கழுத்தருகே கொண்டு போனார். நெடி ஏறியது. தும்மினார்.

மேளம் நின்றது. மூன்று முறை எழுந்து போனவர்கள் நின்ற மாதிரியே ஊர் நின்றது. பழைய வாய்கள் அபசகுனம் என்று சொல்லத் திறந்தன, புதிய வாய்கள் யாரு என்று கேட்கத் திறந்தன, எதைச் சொல்வதென்று தெரியாமல் எல்லாம் திறந்தபடியே இருந்தன.

குனிந்திருந்த தலையை நிமிர்த்தாமல், தையல்நாயகி “நூறு” என்றாள்.

மேளம் கொட்டியது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. குமுதவல்லி பின்னால் வந்து மண்டியிட்டு, மஞ்சள் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை அடியில் விட்டு எடுத்து, இன்னொன்றை அதன் மேல் மடக்கி, இழுத்து இறுக்கினாள். அந்த ஊரில் யாரும் அப்படித் தாலி முடிந்ததில்லை. அவள் கை பாட்டுக்கு முடிந்தது.

ஹெட்மாஸ்டர் மப்ளரை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “என்னம்மா குமுதம், இது ஓடத்தைப் படித்துறையில கட்டுற முடிச்சாச்சே?”

“ஆமா வாத்தியாரே” என்றாள் குமுதவல்லி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அன்னைக்கே கட்டியிருக்கணும்.”